தோட்டக் குழுவின் செடி விற்பனையில் லேண்ட்ஸ்கேப்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கம் தோட்டம் போட்டுக் கொடுப்பதைத் தொழிலாகச் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாடித்தோட்டக்காரர்கள் குழுவாகச் சேர்ந்து, வீட்டில் பெருகிய கன்றுகளைக் கொண்டுவந்து ஒருநாள் விற்பார்கள் இல்லையா, அங்கே நாம் நர்சரிக்குப் போகிற மாதிரியே போய் நிற்கிறோம். அது நர்சரி இல்லை.

நான் செய்த தவறையே முதலில் சொல்கிறேன். ஒரு ஆடி மாத விற்பனையில், ஆரம்பித்த கால்மணி நேரத்துக்குள், ஒரு சைட்டில் வேலியோரம் வைக்கலாம் என்று அங்கிருந்த நந்தியாவட்டைக் கன்று இருபத்தைந்தையும் மொத்தமாக எடுத்து வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். அப்புறம் காட்பாடியிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு அம்மா, பூஜைக்குப் பறிக்க ஒரே ஒரு கன்று கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனார். அது இன்னும் உறுத்துகிறது. இத்தனைக்கும் அந்தக் கன்றுகள் ஆறேழு வீட்டில் வளர்ந்தவை, ஒவ்வொன்றும் ஒரு உயரம், வேலியாக நிரவி வரவே இல்லை. ஒரே அளவில் சரக்கு வேண்டுமென்றால் ஓசூர் நர்சரிகள் இருக்கின்றன, ஆந்திராவில் கடியம் நர்சரிகள் இருக்கின்றன. குழு விற்பனையில் நாம் வாங்க வேண்டியது தாய்ச்செடி. வகைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. நம் இடத்தில் வைத்து வளர்த்து, போத்து (நட்டு வேர்விட வைக்கும் கிளைத்துண்டு) வெட்டியோ பதியன் (செடியில் இருக்கும்போதே கிளையை வேர்விட வைப்பது) போட்டோ பெருக்கிக்கொள்ளலாம்.

அடுத்து, என்ன தண்ணீர் ஊற்றி வளர்த்தார்கள் என்று கேட்காமல் வாங்குவது. நம் ஊரில் இதுதான் பெரிய விஷயம். காவிரிக் கூட்டுக் குடிநீரில் வளர்ந்த செடியைக் கொண்டுபோய், போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீட்டில் வைத்தால், ஒரு மாதத்தில் இலை ஓரமெல்லாம் கருகும், வாடிக்கையாளர் நம்மைத்தான் கேட்பார். அதே விற்பனையில் ஒருவர் பத்து வருடமாக உப்புத் தண்ணீரிலேயே காகிதப்பூவும் அரளியும் வளர்த்துக்கொண்டிருப்பார், அவரிடம் அரைமணி நேரம் பேசினால் எந்த நர்சரியிலும் கிடைக்காத விவரம் கிடைக்கும். கூட்டம் குறைந்த பிறகு, பதினோரு மணிக்கு மேல் பேச்சுக் கொடுங்கள். வெயிலையும் கேட்டுக்கொள்ளுங்கள். நிழல்வலைக்குக் கீழே இருந்த செடியை நேராகத் திறந்தவெளியில் நட்டால், நாற்பது டிகிரியைத் தாண்டும் நம் ஊர் கத்திரி வெயிலில் நிற்காது. பத்துப் பதினைந்து நாள் பாதி நிழலில் வைத்துப் பழக்கிவிட்டு நடுங்கள்.

பெயரை நம்பி வாங்குவதும் ஆபத்துதான். சீட்டில் ‘கொன்றை’ என்று மட்டும் எழுதியிருக்கும். சரக்கொன்றையா, நீலகிரிக் காடுகளில் பரவி இப்போது வெட்டி அகற்றிக்கொண்டிருக்கும் மஞ்சக்கொன்றையா என்று இலையைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். தரை மூட நல்லது என்று வெடேலியாவைச் சும்மாவே அள்ளிக் கொடுப்பார்கள். கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடும் செடி அது, வாய்க்கால் ஓரத்தில் நட்டுவிட்டால் திரும்பப் பிடுங்கி முடியாது. அன்பாகத்தான் கொடுக்கிறார்கள், ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வாங்கிய செடியை அன்றைக்கே சைட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். இலைக்கு அடியிலும் கணுவிலும் வெள்ளையாக மாவுப்பூச்சி இருக்கிறதா பாருங்கள், செம்பருத்தியில் கட்டாயம் பாருங்கள். 2008-இல் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவி, 2010-இல் ஒட்டுண்ணிக் குளவியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, வேருக்குள் புகுந்துகொள்ளும் கண்ணுக்குத் தெரியாத புழு. அது மண்ணோடு வந்து தோட்டத்திலேயே தங்கிவிடும். தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்க்கும் முன் வளர்த்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இரண்டு வாரம் தனியாக வைத்துக் கவனித்தால் போதும்.

காய்கறி நாற்று மேசையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் இலவம்பாடி முள்ளுக் கத்திரி நாற்று கிடைத்தால் விடவே கூடாது. வீட்டுத் தோட்டம் கேட்பவர்களுக்கு அதைவிட நல்லது என்ன இருக்கிறது? செடி முழுக்க முள், குழந்தைகள் ஓடியாடும் பக்கம் மட்டும் வைக்க வேண்டாம்.

பேரம் பேசாதீர்கள். முப்பது ரூபாய்க் கன்றை இருபதுக்குக் கேட்டால், அதை ஆறு மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்தவருக்கு வலிக்கும். அங்கே நின்று விசிட்டிங் கார்டு நீட்டுவதும் வேண்டாம். நாம் என்ன தொழில் செய்கிறோம் என்பதை மறைக்கவும் வேண்டாம், மொத்தமாக ஏதாவது தேவைப்பட்டால் குழுவில் பேசி, அடுத்த வருடத்துக்கு வளர்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது, சைட்டில் குவிந்து கிடக்கும் காலித் தொட்டிகளையும் கவாத்து செய்யும்போது விழுந்த நல்ல போத்துகளையும் எடுத்துப் போங்கள். எனக்கு அந்தத் தொட்டிகளை வாங்கிக்கொண்ட ஒருவர்தான், விற்பனைக்கே வைக்காத ஒரு அடுக்குச் செம்பருத்தியை மறுநாள் வீட்டுக்குக் கூப்பிட்டுக் கொடுத்தார்.