மானிட்டருக்கு யுஎஸ்பி-சி கேபிள்: எதைப் பார்த்து வாங்குவது?

ஃபோனோடு வந்த சார்ஜிங் கேபிளை எடுத்து லேப்டாப்பையும் மானிட்டரையும் இணைத்தால், லேப்டாப் சார்ஜ் ஆகும்; திரையில் மட்டும் சிக்னல் இல்லை என்று வரும். மானிட்டரில் கோளாறு எதுவும் இல்லை. படத்தைக் கொண்டு போகும் கம்பிகளே அந்தக் கேபிளுக்குள் கிடையாது.

யுஎஸ்பி-சி போர்ட்டில் 24 பின்கள் உண்டு. அதிவேகத் தரவுக்கென்று நான்கு ஜோடிக் கம்பிகள். வெறும் சார்ஜிங் கேபிளில் அந்த நான்கையும் விட்டுவிட்டு, மின்சாரக் கம்பிகளையும் விநாடிக்கு 480 மெகாபிட் வேகமுள்ள யுஎஸ்பி 2.0 ஜோடியையும் மட்டும் வைத்திருப்பார்கள். கேபிள் முனையின் வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டிலும், எந்த ஓரத்திலிருந்து எண்ணினாலும் 2-வது, 3-வது இடங்களில் உலோகத் தொடுமுனை இருக்க வேண்டும். அந்த இடங்கள் காலியாக இருந்தால் அந்தக் கேபிளில் படம் வராது. தொடுமுனை இருக்கிறது என்பதற்காக மட்டும் கேபிளை நம்பிவிடவும் வேண்டாம். உள்ளே கம்பி இணைத்திருக்கிறார்களா என்பது வெளியே தெரியாது.

கேபிளுக்குப் பணம் கொடுக்கும் முன் லேப்டாப்பின் போர்ட்டைப் பாருங்கள். டிஸ்ப்ளேபோர்ட் (மானிட்டருக்குப் படம் அனுப்பும் முறை) சின்னமோ, தண்டர்போல்ட் (படத்தையும் தரவையும் சேர்த்து அனுப்பும் அதிவேக இணைப்பு) மின்னல் சின்னமோ பக்கத்தில் இருந்தால் நல்லது. சின்னம் இல்லாவிட்டால் அந்த மாடலின் விவரப் பக்கத்தில் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' (யுஎஸ்பி-சி போர்ட் வழியாகப் படம் அனுப்பும் வசதி) என்று இருக்கிறதா என்று தேடுங்கள். போர்ட்டில் அந்த வசதி இல்லையென்றால் எவ்வளவு விலையுயர்ந்த கேபிளாலும் அதைக் கொண்டுவர முடியாது.

அடுத்தது வேகம். பலர் குழம்புவது இங்கேதான். 10 ஜிகாபிட் என்று எழுதிய கேபிளில் 12.5 ஜிகாபிட் கேட்கும் 4கே படம் எப்படிப் போகும்? யுஎஸ்பி 10 ஜிகாபிட் என்பது போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி என்ற கணக்கு. மானிட்டருக்குப் படம் ஒரே திசையில் போவதால் நான்கு ஜோடியையும் அதற்கே கொடுத்துவிடலாம். டிஸ்ப்ளேபோர்ட் 1.4-இல் ஒரு ஜோடியின் உச்ச வேகம் 8.1 ஜிகாபிட், நான்கும் சேர்ந்தால் 32.4, அதில் படத்துக்குக் கிடைப்பது 25.92. சாதாரண 8-பிட் நிறத்தில் 4கே 60 ஹெர்ட்ஸுக்கு (விநாடிக்கு 60 முறை படம் புதுப்பிப்பது) ஏறக்குறைய 12.5 ஜிகாபிட், 10-பிட் நிறத்தில் 15.7, 5கே 60 ஹெர்ட்ஸுக்கு 22 தேவை. மூன்றும் இதற்குள் அடங்கும். 4கே 144 ஹெர்ட்ஸ் அடங்காது. அதற்கு லேப்டாப், மானிட்டர் இரண்டிலும் டிஎஸ்சி என்னும் படச் சுருக்க வசதி வேண்டும்.

ஆகவே ஒரே ஒரு 4கே மானிட்டரை நேராக இணைப்பவருக்கு 10 அல்லது 20 ஜிகாபிட் கேபிள் தாராளம். டாக் (ஒரே கேபிளில் பல கருவிகளை இணைக்கும் பெட்டி) வழியாக இரண்டு 4கே மானிட்டர்களை ஓட்டுபவர்கள் 40 ஜிகாபிட் யுஎஸ்பி4 அல்லது தண்டர்போல்ட் 4 கேபிளுக்குப் போகலாம்.

நீளத்தில் பேராசை வேண்டாம். உள்ளே சிப் இல்லாமல் வெறும் செம்புக் கம்பியால் ஆன கேபிள் 10 ஜிகாபிட்டுக்கு ஏறக்குறைய 1 மீட்டர், 40 ஜிகாபிட்டுக்கு 0.8 மீட்டர் வரைதான் தாக்குப்பிடிக்கும். 2 மீட்டரில் 40 ஜிகாபிட் வேண்டுமென்றால் தண்டர்போல்ட் 4 என்று தெளிவாகக் குறித்த கேபிளையே எடுங்கள். பழைய தண்டர்போல்ட் 3 ஆக்டிவ் (உள்ளே சிப் உள்ள) கேபிள்களில் ஒரு பொறி இருக்கிறது: தண்டர்போல்ட் கருவிகளுக்கு இடையே 40 ஜிகாபிட்டில் ஓடும் அதே கேபிள், சாதாரண யுஎஸ்பி-சி மானிட்டரில் படமே காட்டாமல் போகலாம். எக்ஸ்டென்ஷன் போட்டு நீட்டுவதை யுஎஸ்பி-சி விதிமுறையே ஏற்பதில்லை. காந்த முனை அடாப்டர்களையும் தவிர்த்துவிடுங்கள்.

மானிட்டரே லேப்டாப்பைச் சார்ஜ் செய்வதாக இருந்தால் வாட் அளவு முக்கியம். 60 வாட் கேபிள் 3 ஆம்பியர்தான் தாங்கும். மானிட்டர் 90 வாட் கொடுக்கக்கூடியது என்றாலும் கேபிளின் திறனைக் கருவிகளுக்குச் சொல்லும் இ-மார்க்கர் சிப் 5 ஆம்பியர் என்று சொல்லாதவரை 60-ஐத் தாண்டாது. கனமான வேலையின்போது சார்ஜில் இருக்கும்போதே பேட்டரி இறங்கும். புதிதாக வாங்குவதென்றால் 240 வாட் என்று குறித்ததை வாங்குங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: 240 வாட் என்று மட்டும் எழுதி, வேகம் 480 மெகாபிட்டாக இருக்கும் கேபிள்களும் விற்கின்றன. பெட்டியில் வேகம், வாட் இரண்டும் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் எழுதியிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மானிட்டரில் எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால் யுஎஸ்பி-சி–எச்டிஎம்ஐ கேபிள் தேவை. வெறும் '4கே' என்ற வார்த்தையை நம்பாமல் '4கே 60 ஹெர்ட்ஸ்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மலிவானவை பல 30-இலேயே நின்றுவிடும். இந்தக் கேபிள்கள் ஒருவழிப் பாதை: சி முனை லேப்டாப்பில்தான் செருக வேண்டும்.

வாங்கியதும், திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் சோதித்துவிடுங்கள்.

1. விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். 4கே 30 ஹெர்ட்ஸில் நின்றால் கேபிளைக் குறை சொல்லும் முன் மானிட்டரின் மெனுவுக்குள் போங்கள். பல மானிட்டர்களில் யுஎஸ்பி வேகத்துக்கு முன்னுரிமையா, ரெசல்யூஷனுக்கு முன்னுரிமையா என்று ஒரு தேர்வு உண்டு. யுஎஸ்பிக்கு முன்னுரிமை கொடுத்தால் நான்கு ஜோடியில் இரண்டு பிரிந்து போய்விடும். மீதி இரண்டில் பழைய லேப்டாப்புகளால் 60 ஹெர்ட்ஸ் கொடுக்க முடியாது. ரெசல்யூஷனுக்கு மாற்றினால் 60 வரும். பதிலுக்கு மானிட்டரின் யுஎஸ்பி ஹப் 480 மெகாபிட்டுக்கு இறங்கும்.

2. கேபிள் முனையைத் தலைகீழாகத் திருப்பிச் செருகுங்கள், இரு முனைகளிலும். ஒரு பக்கம் படம் வந்து மறுபக்கம் வராவிட்டால், கேபிளிலோ போர்ட்டிலோ ஒரு தொடர்பு அறுந்திருக்கிறது. வேறு கேபிளை மாற்றிப் பார்த்தால் எதில் என்று தெரிந்துவிடும்.

3. அரை மணி நேரம் ஓடவிடுங்கள். திரை ஒரு விநாடி கறுத்துக் கறுத்து மீண்டால், ரெஃப்ரெஷ் ரேட்டை ஒரு படி குறைத்துப் பாருங்கள். உடனே நிலையாகிவிட்டால் சந்தேகம் கேபிள் மேல்தான். இன்னும் குட்டையான ஒன்றை எடுங்கள்.

4. வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தால் அதையும் கவனியுங்கள். கவசம் சரியில்லாத அதிவேகக் கேபிள், மவுஸ் பயன்படுத்தும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கசியவிடும். மவுஸின் ரிசீவரைக் கேபிளிலிருந்து தள்ளிச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.