4 ஜிபி போட்டும் 3 தான் காட்டுகிறதா? புது ராம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரியிலோ ஒரு ஜெராக்ஸ், டிடிபி கடைக்குள் நுழைந்தால் கோர் 2 டூவோ என்ற பழைய பிராசஸர் மெஷினில் விண்டோஸ் 7 ஓடிக்கொண்டிருப்பதை இன்றும் பார்க்கலாம். ஃபோட்டோஷாப்பில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒரு பக்கம், பிரவுசரில் ஆன்லைன் விண்ணப்பம் இன்னொரு பக்கம் என்று திறந்தால் மெஷின் திணறும். உடனே இன்னொரு ராம் வாங்கிச் செருகுவார்கள். பல நேரம் காசு தண்டம். தடை விண்டோஸில் இருக்கலாம், மதர்போர்டில் இருக்கலாம், புரோகிராமிலேயே இருக்கலாம். எது என்று தெரிந்த பிறகு பர்ஸைத் திறங்கள்.

முதல் படி, கணக்குப் பார்ப்பது. 'கம்ப்யூட்டர்' ஐகானில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போங்கள். ராம் அளவுக்குப் பக்கத்தில் 'யூசபிள்' என்று ஒரு குறைவான எண் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். கீழே சிஸ்டம் டைப் 32 பிட்டா, 64 பிட்டா என்று இருக்கும். 32 பிட், போட்டது 4 ஜிபி, காட்டுவது 3 முதல் 3.5 என்றால் ராமில் கோளாறு இல்லை. 32 பிட்டில் மொத்தம் 429,49,67,296 பைட்டுக்குத்தான் முகவரி உண்டு, அதாவது 4 ஜிபி. கிராபிக்ஸ் கார்டு, பயாஸ் (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்), மற்ற கார்டுகள் எல்லாம் அந்த முகவரிகளிலிருந்தே பங்கு எடுத்துக்கொள்ளும். தெருவில் கதவு எண் தீர்ந்துபோனால் கடைசி வீட்டுக்குத் தபால் வராது, அவ்வளவுதான்.

64 பிட்டாக இருந்தும் குறைவாகக் காட்டினால் மூன்று இடம் பாருங்கள். ஸ்டார்ட் பெட்டியில் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்று அடித்து, பூட் டேபில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் திறங்கள். 'மேக்ஸிமம் மெமரி' டிக் ஆகியிருந்தால் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு பயாஸில் 'மெமரி ரீமேப்' என்று இருந்தால் எனேபிள் ஆக்குங்கள். மூன்றாவது, ராமின் தங்க நிறப் பற்கள். கடலூர் உப்புக்காற்றில் இவை சீக்கிரம் கறுத்துப்போகும். பவர் வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு, ராமைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் பற்களை மெதுவாகத் தேயுங்கள். துகளைத் துடைத்துவிட்டு, இரண்டு பக்கமும் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்துங்கள். உப்புத்தாள் வேண்டாம், தங்கப் பூச்சே போய்விடும்.

அடுத்தது மதர்போர்டு. அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் மெயின்போர்டு டேபைப் பார்த்தால் சிப்செட், அதாவது ராமையும் மற்ற பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு சிப்பின் பெயர் தெரியும். இன்டெல் 945 என்றால் விட்டுவிடுங்கள்; 4 ஜிபிக்கு மேல் அதற்கு முகவரியே கிடையாது, 64 பிட் போட்டாலும் மூன்று சொச்சம்தான். ஜி31 போர்டுக்கு உச்சவரம்பு 4 ஜிபி. ஜி41 போர்டு டிடிஆர்3 வகை ராம் எடுப்பது என்றால் இரண்டு ஸ்லாட்டிலும் சேர்த்து 8 ஜிபி வரை போகலாம், ஆனால் எந்த 4 ஜிபி ராமும் ஏற்காது. ராமைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் 8 கறுப்பு சிப் இருந்தால் அது இந்த போர்டுக்கு ஆகாது. ஃபேன் சுற்றும், டிஸ்பிளே வராது. பக்கத்துக்கு 8 வீதம் மொத்தம் 16 சிப், லேபிளில் 2ஆர்எக்ஸ்8 (2Rx8) என்று இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பழைய ராம் விற்பவர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார். போட்டுக் காட்டச் சொல்லிவிட்டுக் காசு கொடுங்கள்.

போர்டு இடம் கொடுத்தால் நேர்வழி 64 பிட் விண்டோஸ்தான். விண்டோஸ் 7 ஹோம் பேசிக்கில் 8 ஜிபி, ஹோம் பிரீமியத்தில் 16, புரொஃபஷனலில் 192 வரை எடுக்கும். 32 பிட்டின் மேலேயே அப்கிரேடு செய்ய முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும். ஆகவே டேலி டேட்டா, தமிழ் எழுத்துருக்கள், டெஸ்க்டாப்பில் குவிந்து கிடப்பது எல்லாவற்றையும் முதலில் வெளி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். பிரிண்டர், ஸ்கேனர், டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் சிறு கருவி) மூன்றுக்கும் 64 பிட் டிரைவர், அதாவது அவற்றை இயக்கும் மென்பொருள் கிடைக்கிறதா என்று பாருங்கள். கேனான் எல்பிபி 2900 பிரிண்டருக்குக் கிடைக்கிறது. பழைய ஸ்கேனர்கள்தான் காலை வாரும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து பில்லிங் புரோகிராம் 64 பிட்டில் நேரடியாக ஓடாது, அதற்கு டாஸ் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் வேண்டும்.

32 பிட்டை விட முடியாது என்பவர்களுக்கு வழிகள் குறைவு. 36 பிட் முகவரி தரும் பிஏஇ வசதி 1995-ல் பென்டியம் புரோவிலேயே வந்தது. 32 பிட் லினக்ஸ் அதை வைத்து 64 ஜிபி வரை எட்டும். வீட்டு விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் 4 ஜிபியோடு பூட்டிவிட்டது, காரணம் பல டிரைவர்கள் அதற்கு மேலான முகவரியில் குழம்பியதுதான். அந்தப் பூட்டை உடைக்கும் பேட்ச்கள், அதாவது விண்டோஸையே திருத்தும் சிறு புரோகிராம்கள் இணையத்தில் கிடைக்கும். கடை மெஷினில் போடாதீர்கள். உரிம விதிக்கு முரண், விண்டோஸ் முடங்கி நீலத்திரையும் வரும்.

ஒரே புரோகிராமுக்கு மட்டும் இடம் போதவில்லையா? 32 பிட்டில் ஒரு புரோகிராமுக்கு 2 ஜிபிதான். விண்டோஸ் எக்ஸ்பியில் பூட் டாட் ஐஎன்ஐ (boot.ini) கோப்பில் இயங்குதளத்தின் வரி முடிவில் /3ஜிபி (/3GB) என்பதை ஆங்கில எழுத்தில் சேர்த்தால், அதற்கென எழுதப்பட்ட புரோகிராம்களுக்கு 3 கிடைக்கும். மாற்றும் முன் அந்தக் கோப்பை நகலெடுத்து வையுங்கள். விண்டோஸின் சொந்தப் பங்கு 1 ஜிபியாகச் சுருங்குவதால் சில கிராபிக்ஸ் டிரைவர்கள் தகராறு செய்யும். அப்படியானால் சேர்த்ததை எடுத்துவிட்டு, சாதாரண எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான டிஸ்க்) ஒன்றுக்குச் செலவு செய்யுங்கள். ராம் அளவு அதிகமாகாது, ஆனால் ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் பேஜ் ஃபைல் வேகமாவதால் திணறல் நன்றாகக் குறையும்.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அந்த மெஷினில் பேங்க் வேலை வேண்டாம்.