ரோபோ கறவையில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாடு தானாக உள்ளே வந்ததும் ஆளில்லாமல் பால் கறக்கும் கறவை ரோபோவை அண்மையில் நிறுவிய பண்ணைகளுக்குப் போகும்போதெல்லாம், தொடக்கத்தில் நாங்கள் இடறிய இடங்களிலேயே புதியவர்களும் இடறுவதைக் காண்கிறேன். வடிகட்டியை மாற்றுவது, கழுவும் மருந்து தீராமல் பார்த்துக்கொள்வது போன்றவற்றை இயந்திரத்தின் கையேடே சொல்லிவிடும் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

சுத்தத்தை ரோபோவிடம் ஒப்படைத்தல்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான்; அதிகமாகப் பணத்தை விழுங்குவதும் இதுவே. ரோபோ காம்பைக் கழுவுகிறது என்பது உண்மை. சில வகைகளில் சுழலும் தூரிகைகளும், வேறு சிலவற்றில் வெதுவெதுப்பான நீரும் காற்றும் செலுத்தும் தனிக் கிண்ணமும் அந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் லேசரும் கேமராவும் தேடுவது காம்பு எங்கே இருக்கிறது என்பதைத்தான். அதில் எவ்வளவு சாணம் ஒட்டியிருக்கிறது என்பதைப் பெரும்பாலான இயந்திரங்கள் அறிவதில்லை. பளிச்சென்றிருக்கும் காம்புக்கும் சாணம் காய்ந்து அப்பிய காம்புக்கும் ஒரே கால அளவுதான் கிடைக்கிறது.

பால் உறிஞ்சும் கிண்ணத்தைக் கையால் காம்பில் மாட்டிய காலத்தில் நாளுக்கு இரண்டு முறை யாராவது குனிந்து ஒவ்வொரு மடியையும் பார்த்தார்கள். மடி அழுக்காக இருந்தால் படுக்கை ஈரமாக இருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். ரோபோ வந்த பிறகு அந்தப் பார்வை நின்றுபோகிறது. திரையில் எண்கள் ஒழுங்காக இருப்பதால் கொட்டகையும் ஒழுங்காக இருப்பதாகத் தோன்றிவிடுகிறது.

நான் போய்ப் பார்த்த ஒரு பண்ணையில், பால் தொட்டியின் உடல் செல் எண்ணிக்கை (மடியில் தொற்று இருந்தால் பாலில் கூடும் செல்களின் அளவு) மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது. உரிமையாளர் கறவைக் கிண்ணத்துக்குள் இருக்கும் ரப்பர் உறைகளை மாற்றினார், கிருமிநீக்கியை மாற்றினார், வெற்றிட அழுத்தத்தைச் சோதிக்கத் திரும்பத் திரும்ப ஆள் அழைத்தார். எங்கும் குறை தென்படவில்லை. ஒரு காலைப்பொழுது ரோபோவின் அருகிலேயே நின்று உள்ளே வரும் மாடுகளைப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றின் மடியில் சாணம் இருந்தது. மாடுகள் கூட்டமாகக் கறவைக்குப் போய்வந்த நாட்களில் காலி நடைபாதையைச் சுரண்டிய தானியங்கிச் சுரண்டி, அதே பழைய நேரப்படி ஓடிக்கொண்டிருந்தது. இப்போதோ நடைபாதை எந்நேரமும் காலியாவதில்லை. இடைவெளி விட்டு ஓடும்போது சேர்ந்துவிட்ட சாணக் குழம்பு குளம்புகளின் மேல் ஏறி, படுக்கைக்கும் அங்கிருந்து மடிக்கும் போனது. சுரண்டியை அடிக்கடி ஓடவிட்டு, படுக்கையின் பின்பகுதியைத் தினமும் இரண்டு முறை கிளறி உலர்பொருள் போட்டு, மடி முடியையும் வால் குஞ்சத்தையும் கத்தரித்த பிறகு எண்ணிக்கை மெல்ல இறங்கியது. அதற்குள் சில மாடுகளின் மடிக் காற்பகுதிகள் (ஒவ்வொரு காம்புக்கும் உரிய மடியின் பகுதி) மீள முடியாதபடி கெட்டிருந்தன. ஒரு மில்லிலிட்டரில் 2 லட்சம் செல்களைத் தாண்டிய மாட்டுக்கு வெளியே அறிகுறி தெரியாத மறைமுக மடிநோய் இருக்கலாம் என்று கொள்வது வழக்கம். அப்படித் தாண்டிய மாடுகளின் பட்டியலை முதல் மாதமே பார்த்திருந்தால் இவ்வளவு இழப்பு நேர்ந்திருக்காது.

அழுக்கு நேரத்தையும் தின்கிறது. காம்பைத் தூண்டிய பிறகு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை நிமிடத்தில் பால் இறங்கத் தொடங்கும். முடியும் சாணமும் மறைப்பதால் ரோபோவின் கை மீண்டும் மீண்டும் காம்பைத் தேடினால், பாலை இறங்கச் செய்யும் ஹார்மோனான ஆக்சிடோசினின் வேகம் தணிந்த பிறகே கிண்ணம் ஏறுகிறது. பால் முழுமையாக வராத அந்த மாடு கறவைப் பெட்டியை அடைத்துக்கொண்டு நிற்க, வெளியே மற்றவை காத்திருக்கின்றன.

தெளிப்பான் குறி தவறுவதைக் கவனியாமை

கறந்து முடித்ததும் அடிக்கப்படும் மருந்து காம்பின் எல்லாப் பக்கமும் படிகிறதா என்பதை, வெள்ளைக் காகிதத்தைக் காம்பில் சுற்றிப் பார்த்தால் கண்டுகொள்ளலாம். காம்புத் துளை மூட அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதால், வெளியேறும் மாடு உடனே படுத்துவிடாமல் நிற்கும்படி தீவனத் தொட்டியில் புதிய தீவனம் இருக்க வேண்டும்.

அடிக்கடி கறந்தால் பால் கூடும் என்று எல்லா மாடுகளுக்கும் அனுமதி தருதல்

ஈன்ற புதிதில் இருக்கும் மாட்டுக்கு மூன்று, நான்கு கறவைகள் பொருந்தும். வற்றும் நிலையை நெருங்கிய மாட்டுக்கு அதே அனுமதி தந்தால், கழுவுவதற்கும் மாட்டுவதற்கும் அதே நேரம் செலவாகிச் சிறிதளவு பாலே கிடைக்கிறது. காம்பு நுனி தடிக்கிறது. பாலில் கட்டற்ற கொழுப்பு அமிலங்கள் கூடிச் சுவையும் கெடுகிறது.

நொண்டும் மாட்டைத் தினமும் ஓட்டிவருதல்

கால் வலிப்பதால்தான் அது தானாக ரோபோவுக்கு வராமல் நிற்கக்கூடும்; முதலில் குளம்பைப் பாருங்கள்.

ரப்பர் உறையைக் கண்ணால் மதிப்பிடுதல்

சாதாரண ரப்பருக்கு 2,500 கறவைகள் என்பது வழக்கமான வரம்பு. நாளுக்கு 150 கறவைகள் நடக்கும் பெட்டியில் அது 17 நாட்களுக்குள் முடிந்துவிடும்.

எச்சரிக்கைப் பட்டியலோடு நின்றுவிடுதல்

ஒரு காற்பகுதியில் பாலின் மின்கடத்துத் திறன் கூடியதாக (இது மடிநோயின் அறிகுறியாக இருக்கலாம்) திரை காட்டினால், அதே மாட்டின் மற்ற மூன்று காற்பகுதிகளின் அளவோடு ஒப்பிட்டுவிட்டு, கொட்டகைக்குப் போய் மடியைத் தொட்டுப் பாருங்கள். முதல் பாலைக் கறுப்புக் கிண்ணத்தில் பீய்ச்சும்போது திரி திரியாக வந்தால், அன்றே அந்த மாட்டின் பாலைத் தொட்டிக்குப் போகாமல் பிரிக்கும்படியும், அதற்குப் பின் இயந்திரம் கட்டாயம் கழுவப்படும்படியும் ரோபோவில் அமைத்துவிட்டு, கால்நடை மருத்துவரை அழையுங்கள்.