கங்கங்சுல்லே: முதல்முறை ஆடுவோருக்கு

கொரிய நாட்டுப்புற நடனங்களில் முகமூடி, விசிறி, மேளம் என்று பலவும் தேவைப்படும். கங்கங்சுல்லே என்ற வட்ட ஆட்டத்துக்கு ஆட்கள் இருந்தால் போதும். பத்துப் பேராவது சேருங்கள். அதற்குக் குறைந்தால் வட்டம் களைகட்டாது.

தென்கொரியாவின் தென்மேற்கில் ஹேனாம், ஜிந்தோ பகுதிப் பெண்கள் சுசோக் அறுவடைத் திருநாளின் பௌர்ணமி இரவில் ஆடியது இது. கிராமத்து இளம்பெண்கள் வாய்விட்டுப் பாடக்கூடாது, இருட்டிய பிறகு வெளியே போகக்கூடாது என்றிருந்த காலத்தில், அந்தத் திருநாளுக்கு மட்டும் விலக்கு. விடிய விடிய ஆடாமல் என்ன செய்வார்கள்! 16ஆம் நூற்றாண்டுப் போரில், படை பெரிது என்று ஜப்பானியரை நம்பவைக்கத் கொரியக் கடற்படைத் தளபதி யி சுன்-சின் பெண்களைக் குன்றில் சுற்றிவரச் செய்தார் என்றொரு கதையும் உண்டு. கதை என்ற அளவில் நன்றாகத்தான் இருக்கிறது. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் இந்த ஆட்டம் சேர்ந்தது.

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

முதலில் வட்டமாக நின்று கைகோத்துக்கொள்ளுங்கள். குரல்வளம் உள்ள ஒருவர் முன்பாட்டு. அவர் ஒரு வரி பாட, மற்றவர்கள் ‘கங்கங்சுல்லே’ என்று திருப்பிச் சொல்லவேண்டும். கொரியப் பாட்டு தெரியவில்லையா? முன்பாட்டுக்காரர் அப்போதைக்கு வரி கட்டிப் பாடுவது அங்கேயும் வழக்கம்தான்.

அடுத்து, நடை. குதிகாலை முதலில் ஊன்றி, முழங்காலைச் சற்றே தளர்த்தி, மெதுவாகச் சுற்றுங்கள். மெது, நடுத்தரம், வேகம் என்று ஆட்டத்துக்கு மூன்று கதி. வேகத்தைக் கூட்டும் உரிமை முன்பாட்டுக்காரருக்கு மட்டுமே. புதியவர்கள் சொதப்புவது இங்கேதான்: பாட்டை விட்டுவிட்டுக் கால் முந்தும், கை இழுபடும், வட்டம் கோணலாகும். மெதுநடை கூடிவரும்வரை ஓடவேண்டாம்.

அப்புறம், இடையில் வரும் விளையாட்டுகள். தொடக்கத்துக்குப் பாய் சுருட்டல் போதும். ஓரிடத்தில் மட்டும் கையை விடுங்கள். வட்டம் ஒரு வரிசையாகிவிடும். ஒரு முனையில் இருப்பவர் அப்படியே நிற்க, மறுமுனையில் இருப்பவர் மொத்த வரிசையையும் இழுத்துக்கொண்டு அவரைச் சுற்றிச் சுற்றி வரவேண்டும். எல்லாரும் நெருக்கமாகச் சுருண்டதும், இழுத்துவந்தவர் திரும்பி, வந்த வழியே வெளியேறினால் பாய் விரியும். முதலில் விட்ட அந்த ஓரிடம் தவிர, கை மட்டும் வேறு எங்கேயும் விடக்கூடாது.

குனிந்தவர்கள் முதுகின்மேல் ஒருவர் நடக்கும் ‘கூரை ஓடு மிதித்தல்’ விளையாட்டும் உண்டு. அதை, பழகியவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.