தீவுக் கடல்ல சார்ட்டர் போட் (கேப்டனோட வாடகைக்கு வர்ற போட்) எடுத்து தூண்டில் போடப் போறீங்களா? மொதல்ல மீன முடிவு பண்ணுங்க

நெறைய பேரு மொதல்ல ஃப்ளைட் டிக்கெட், அப்புறம் ரிசார்ட், கடைசியா அங்க போய் இறங்கி எந்த போட் சும்மா நிக்குதோ அதுல ஏறிடுறாங்க. நீங்க தலைகீழா ஆரம்பிங்க. எந்த மீனு, அத எந்த முறையில பிடிக்கணும்னு முடிவு பண்ணிட்டா தீவு, மாசம், போட் எல்லாம் அது பின்னாடியே வந்துடும்.

ஈட்டி மாதிரி மூக்கு நீண்ட பெரிய மீனான ப்ளூ மார்லினுக்கு ஆழ்கடல் வேணும், போட் ஓடிக்கிட்டே இருக்கும், பின்னாடி லூர்ங்கற போலி இரை இழுபட்டுட்டு வரும், அதுக்குப் பேரு ட்ரோலிங். ஹவாய்ல கோனா பக்கம் எரிமலைத் தீவுங்கறதால கரைய விட்டு கொஞ்ச தூரத்துலயே கடல் செங்குத்தா இறங்கிடும், அதனால அரை நாள் ட்ரிப்புலயே மார்லின் இருக்கற தண்ணிக்குப் போயிடலாம், எல்லாத் தீவுலயும் இது நடக்காது. ஜிடின்னு சொல்ற பெரிய பாறை மீன் வேணும்னா அந்தமான், மாலத்தீவு மாதிரி பவளப்பாறை விளிம்பு உள்ள எடம், அங்க நின்னுகிட்டே தண்ணி மேல தெறிச்சுட்டு வர்ற பாப்பர்ங்கற போலி இரைய வீசி வீசி இழுக்கணும், இதுக்குப் பேரு பாப்பிங், ரெண்டு மணி நேரத்துல தோள்பட்டை விட்டுப் போகும். குழந்தைங்க, வயசானவங்க கூட வந்தா இது வேணாம், ட்ரோலிங் எடுங்க.

அடுத்து மாசம். மொரிஷியஸ்ல மார்லினுக்கு நல்ல சமயம் நவம்பர்லேருந்து மார்ச் வரைக்கும், ஆனா புயல் வர்றதும் அதே மாசங்கள்லதான். கரீபியன்ல ஜூன் 1லேருந்து நவம்பர் 30 வரைக்கும் ஹரிக்கேன் சீசன். அதனால தங்கற நாள் எல்லாத்தையும் கடலுக்கே எழுதிடாதீங்க. 6 நாள் போறீங்கன்னா 3 நாள் போட் புக் பண்ணுங்க, அதையும் ட்ரிப்போட மொத நாட்கள்லயே வைங்க, காத்து அடிச்சு ஒரு நாள் போச்சுன்னா தள்ளிப் போட எடம் இருக்கும்.

அட்வான்ஸ் அனுப்பறதுக்கு முன்னாடி கேப்டன்கிட்டயே பேசுங்க, நடுவுல இருக்கற ஏஜெண்ட்கிட்ட இல்ல. இத நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன், ஒரு தடவ பாப்பிங்னு சொல்லி புக் பண்ணிட்டுப் போனா போட்ல இருந்தது பூரா ட்ரோலிங் ராட் (தூண்டில் கம்பு), வீசறதுக்கு முன்பக்கம் நிக்கக்கூட எடம் இல்ல, அந்த நாளே வீணாப் போச்சு. போன வாரம் என்ன மீன் மாட்டுச்சுன்னு கேளுங்க, நல்ல கேப்டன் ஒண்ணும் மாட்டாத நாளையும் சேர்த்தே சொல்லுவாரு. எட்டு மணி நேரம்னா அதுல போக வர எவ்வளவு ஓட்டம், தூண்டில் தண்ணில இருக்கறது எவ்வளவு நேரம்? போட் நமக்கு மட்டுமா, வேற ஆளுங்களும் வருவாங்களா? ஷேரிங்னா ராட் ஆள் மாத்தி ஆள் கைக்குப் போகும், உங்க முறை வரும்போது மீன் வராமலே போகலாம். வானிலை சரியில்லாம அவங்க கேன்சல் பண்ணா பணம் முழுசா வருமா, மீன் பிடிக்கற லைசென்ஸ் போட் காசுலயே அடங்குமா, குழந்தை சைஸ்ல லைஃப் ஜாக்கெட் இருக்கா, எல்லாத்தையும் மெசேஜ்ல எழுதி வாங்கிக்கோங்க. பிடிச்ச மீன் யாருக்குங்கறதையும் கேட்டுடுங்க, பல எடத்துல அது போட்டுக்குத்தான் சொந்தம், கரைக்கு வந்து சண்ட போடுறதுல பிரயோஜனம் இல்ல.

சாப்பிட மீன் எடுத்துக்கறதா இருந்தா ஒரு விஷயத்துல கவனமா இருங்க. பவளப்பாறைய சுத்தித் திரியற பெரிய ஷீலா, பெரிய களவா இதுல சிகுவாடெராங்கற நோயக் கொடுக்கற ஒரு நஞ்சு இருக்கலாம், அது சமைச்சாலும் போகாது, ஃப்ரீஸ் பண்ணாலும் போகாது, பாத்தாலும் மோந்தாலும் தெரியாது. அங்க உள்ளவங்க எத சாப்பிட மாட்டாங்களோ அத நீங்களும் தொடாதீங்க. சூரை மீனா இருந்தா பிடிச்ச உடனே ஐஸ்ல போடணும்.

வாந்தி வர்ற உடம்புன்னா டாக்டர்கிட்ட கேட்டு மாத்திரைய கெளம்பறதுக்கு முன்னாடியே போடுங்க, கொமட்ட ஆரம்பிச்சப்புறம் போட்டா வயித்துல தங்காது. முழுக்கை சட்டை, போலரைஸ்டு கண்ணாடி, வெள்ளை சோல் செருப்பு, அவ்வளவு போதும், ராட் ரீல் போட்லயே இருக்கும்.

மீன் மாட்டினதும் ரீல் கத்தும் பாருங்க, கிர்ர்ர்னு, அப்ப கை பதறி ராட வெடுக்குனு இழுக்கத் தோணும். சர்க்கிள் ஹூக் (முனை உள்பக்கமா வளைஞ்ச கொக்கி) போட்டிருந்தா இழுக்கவே கூடாது, லைன் இறுகிக்கிட்டே வரும்போது அதுவே வாய் ஓரத்துல மாட்டிக்கும். லைன் எவ்வளவு இறுக்கமா ஓடணும்னு மாத்தற டிராக் நாபையும் தொடாதீங்க, அத கேப்டன் சொல்லும்போது பாத்துக்கலாம். மார்லின விடறதா இருந்தா ஃபோட்டோவுக்காக மேல தூக்க வேணாம்னு முன்னாடியே சொல்லி வைங்க. போட் மெதுவா முன்னாடி போக, டெக்ல இருக்கற பையன் மீனோட நீட்டு மூக்கப் பிடிச்சுக்கிட்டு தண்ணிலயே வச்சிருப்பான், செவுளு வழியா தண்ணி போகப் போக அந்த மங்கின உடம்புல நீல நிறம் திரும்ப ஏறும், வாலும் ஆட ஆரம்பிக்கும், அப்பத்தான் கைய விடணும்.