வெயில் காலத்துல மீன் தொட்டி வச்சிருக்கவங்களுக்கு

விடியக்காலைல மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதா? பசின்னு நெனச்சு தீனி போட்டுறாதீங்க, பெரும்பாலும் அது ஆக்ஸிஜன் பத்தாம திணறுறதுதான். தண்ணியே ஹெச்டூஓ தானே அதுல ஆக்ஸிஜன் இல்லாமலானு கேப்பாங்க, அந்த ஆக்ஸிஜன் ஹைட்ரஜனோட கெட்டியா பிணைஞ்சு கெடக்கு, மீனால அதைப் பிரிச்செடுக்க முடியாது, காத்துல இருந்து தண்ணில கரையுற ஆக்ஸிஜனைத்தான் செவுள் வழியா எடுத்துக்குது. அதுவும் ரொம்ப கொஞ்சம்தான், 20 டிகிரில லிட்டருக்கு சுமாரா 9 மில்லிகிராம், 30 டிகிரில ஏழரை தான் நிக்கும். செடி வேற நிறைய இருந்தா ராத்திரில அதுவும் ஆக்ஸிஜனை இழுக்கும், அதான் விடியுற நேரத்துல ரொம்ப மோசமாகுது.

ஏர் பம்ப்பை ராத்திரில ஆஃப் பண்ணாதீங்க (சத்தம்னு நிறைய பேர் பண்றாங்க). குமிழிய விட மேல்மட்டம் அலம்புறதுதான் முக்கியம், அதனால ஃபில்டர் தண்ணி மேல இருந்து கொட்டுற மாதிரி வைங்க, கண்ணாடி மூடிய கொஞ்சம் திறந்து விடுங்க. அவசரம்னா ஒரு மக்குல மொண்டு மொண்டு உயரத்துல இருந்து ஊத்துனாலே போதும், கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். ஐஸ் கட்டிய அப்படியே உள்ள போட்டு திடீர்னு குளிர வைக்காதீங்க.