அரை மணி நேரம் பின்தங்கிய நிழல் கடிகாரம்

பிப்ரவரி நடுவில், மகளின் பள்ளி வேலைக்காக மதுரை வீட்டு மொட்டைமாடியில் சூரியக் கடிகாரம் செய்தோம். பலகையில் சைக்கிள் ஸ்போக்ஸை நட்டுக்குத்தலாக நிறுத்தி, 15 டிகிரிக்கு ஒரு கோடு போட்டேன். காலையிலும் சரி, மாலையிலும் சரி, ஒரு மணியும் பொருந்தவில்லை.

தப்பு கம்பியில்தான். அது பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். மதுரையின் அட்சரேகை சுமார் 10 டிகிரி. எனவே கம்பி வடக்கே பார்த்து 10 டிகிரி மட்டும் தலைதூக்கினால் போதும். கிட்டத்தட்ட படுத்தே கிடக்கிறது! கோடுகளும் மாறின: 12-க்கும் 1-க்கும் இடையே 3 டிகிரிகூட இல்லை, 5-க்கும் 6-க்கும் இடையே 57.

அப்புறமும் நிழல் 12-ஐத் தொடும்போது மொபைலில் 12.32. மண்டை காய்ந்தது. ஆனால் இது கோளாறே இல்லை. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது, மதுரை 78.1. டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 17 நிமிடத்துக்கு மேல் அதிலேயே போய்விடும். மீதி 14 நிமிடம் பூமியின் நீள்வட்டப் பாதையாலும் அச்சின் சாய்வாலும் வருவது. அது மாதாமாதம் மாறும். நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் எதிர்ப்பக்கம் போய், நிழலும் மொபைலும் ஏறக்குறைய ஒத்துப்போகும்.

பலகை ஓரத்தில் மாதவாரியாகத் திருத்தம் எழுதி ஒட்டிவிட்டோம்.